அப்பறம் யாரு?

காசநோய் டம்ளர் வழியாகத்தான் பரவும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் படிக்காதவன் இல்லை. அதுதான் இதில் கேவலம். ஸ்ரீரங்கத்தில் பதினெட்டு வருஷமாக வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். 'கீழ்க்கண்டவற்றுள் காற்றின் மூலம் பரவும் நோய் எது?' என்ற கேள்வியை நூறு தடவையாவது பலகையில் எழுதிப் போட்டிருப்பேன். விடை 'இ', காசநோய். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அது பரீட்சைக்கான விடை. வீட்டுக்கு எங்களிடம் வேறு விடை இருந்தது. எச்சில்.

டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பவனை மனிதனாகவே மதிக்காத வம்சம் என்னுடையது. அண்ணாந்து, கையை உயர்த்தி, சட்டையில் ஒரு சொட்டு சிந்தாமல் கொதிக்கிற காபியைக் குடிப்போம். எனவே சளிப் பரிசோதனையில் எனக்குக் காசநோய் என்று வந்த அன்று நான் செய்த முதல் காரியம், என் டம்ளரையும் தட்டையும் ஸ்பூனையும் தனியாக எடுத்து வைத்து, மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தது. கொரோனா காலத்தில் வாங்கித் தேதி முடிந்துபோன சானிடைசர் பாட்டில் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கதவுப் பிடி, டிவி ரிமோட், அழைப்பு மணி எல்லாவற்றையும் துடைத்தேன். பெருமாள் படத்தின் சட்டத்தைக்கூட விடவில்லை. ஸ்பூனை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். "ஏன்னா, அதுக்குக் கொஞ்சம் உப்புப் போடட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். பயத்தில் எனக்கு அது கிண்டல் என்று புரியவில்லை. "போடு" என்றேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, வீட்டில் இருந்த எல்லா ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினேன்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். இருமலுக்கு அங்கே விலாசம் உண்டு. 'சார் ஆத்துலேந்து இருமல் சத்தம் கேக்கறதே, ரெண்டு மாசமா' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சேதி கோபுர வாசல் பூக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் செத்து, காரியம் முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவர் வந்தார்.

காசநோய்ப் பிரிவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அரசு முத்திரை போட்ட வண்டி வரும், வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஊர் கூடும் என்றெல்லாம் நினைத்து, 'இன்ஷூரன்ஸ்காரர்னு சொல்லிடு' என்று மனைவிக்கு ஒத்திகை வைத்திருந்தேன். வந்தது ஒரு பழைய மொபெட். இறங்கியது ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்த சட்டை, கையில் ஜவுளிக்கடைத் துணிப்பை. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவரே சொன்னார்:

"சார் இருக்காருங்களா? பரீட்சை விஷயமா பாக்கணும்."

என் வெட்கத்தை என்னைவிட நன்றாக அவர் அறிந்திருந்தார். எத்தனை வீட்டு வாசலில் எத்தனை பொய் சொல்லிப் பழகியிருந்தாரோ.

உள்ளே வந்தவருக்கு நான் பத்தடி தள்ளி நாற்காலி போட்டேன். என் மனைவி வழக்கம் மாறாமல் "தீர்த்தம் சாப்பிடறேளா?" என்றாள். "தண்ணியாங்கம்மா? குடுங்க, வெயிலு" என்றார். விருந்தாளி டம்ளரை எடுக்க அவள் உள்ளே போனாள். அதற்குள் அவர் எழுந்து வந்து, என் பக்கத்தில் சிவப்புப் பொட்டோடு பாதித் தண்ணீரோடு இருந்த என் டம்ளரை எடுத்து, உதட்டில் நன்றாக அழுத்தி வைத்து, மடமடவென்று குடித்தார்.

"ஐயையோ!" என்றாள் திரும்பி வந்த மனைவி. "அது இவரோட எச்சில் டம்ளர்!"

குடித்து முடித்துக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி நல்லாருக்குங்கம்மா. இதுல வராதுங்க. ஜன்னல் எங்க இருக்கு?"

ஜன்னல் இருந்தது. திறக்கத்தான் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த பெயின்ட் சேர்ந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, நான் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த அந்த ஸ்பூனை எடுத்து, இடுக்கில் விட்டு நெம்பினார். ஸ்பூன் வளைந்தது. ஜன்னல் திறந்தது. வெளிச்சமும் பக்கத்து வீட்டு ரசத்தின் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன.

"இருமுறப்ப துணிய வெச்சுப் பொத்திக்கங்க. மாஸ்க் போட்டுக்கங்க. மாத்திரைய ஒரு நாள்கூட விடாதீங்க, கொஞ்ச நாள்லயே உங்ககிட்டேருந்து பரவுறது நின்னுடும். ஜன்னல மட்டும் மூடாதீங்க. டம்ளர்ல இருக்கிற பொட்ட அழிச்சுடுங்க, பாவம் அது என்ன பண்ணுச்சு."

பிறகு நாற்காலியை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பழைய டயரியை எடுத்தார்.

"வீட்ல யாரு யாரு?"

"நான், என் ஆத்துக்காரி."

"அப்பறம் யாரு?"

"பையன் பெங்களூர்ல இருக்கான்."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"தீபாவளிக்கு. நாலு நாள் இருந்தான்."

"ஏசி ரூம்லயா படுத்தாரு? சரி. அப்பறம் யாரு?"

"வேலைக்கு ஒரு அம்மா வருவா."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரை மணி. பால்காரர் வருவார், கேஸ்காரர் வருவார், எதிராத்து மாமி தினம் வந்து வம்பு..."

"வாசல்ல நின்னுட்டுப் போறவங்கள விடுங்க சார். மூடுன ரூம்ல, நெருங்கி, ரொம்ப நேரம். அப்படி யாரு?"

நான் மாடிப்படியைப் பார்த்தேன். மாடியில்தான் என் வகுப்பு நடந்தது. வாரத்துக்கு ஆறு நாள், தினமும் மூன்று மணி நேரம். ஏசியின் குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னல்களுக்குத் தெர்மாகோல் அடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தேன். புரட்டாசியிலிருந்து அந்த அறைக்குள் இருமிக்கொண்டே பாடம் எடுத்திருந்தேன்.

"அப்பறம் யாரு சார்?" என்றார் மறுபடி.

இதுதான் அவர். அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இந்த இரண்டு வார்த்தைக்குள் போட்டுவிடலாம். பின்னாளில் ஒரு முறை கல்யாண விருந்தில் எதேச்சையாக அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. 'பொண்ணுக்கு யாரு தாய்மாமன்?' என்று யாரோ கேட்டதற்குப் பதில் வந்ததும், சாம்பாரைப் பிசைந்துகொண்டே தன்னையறியாமல் "அப்பறம் யாரு?" என்றார். மண்டபத்தில் எத்தனை ஜன்னல், எத்தனை மின்விசிறி என்று அண்ணாந்து எண்ணினார். பாயசம் ஆறிப்போனது.

மாணவர்களின் பட்டியலைத் தருகிறேன் என்று அன்று ஒப்புக்கொண்டேன். "ஒரு நாள் டைம் குடுங்கோ. நானே அவாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். "நல்லதுங்க. நீங்க சொன்னாத்தான் பயப்படாம வருவாங்க" என்றார்.

மறுநாள் வகுப்பை மொட்டை மாடியில் கூட்டினேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு எட்டி நின்றேன். இருபத்து மூன்று பேர். எனக்கு வேறெதுவும் வராது, ஜோக் அடிக்கத்தான் வரும். "இத்தனை நாள் நான் உங்களுக்கு அறிவைத்தான் பரப்பறேன்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. பிறகு ஒரு பையன், "விடுங்க சார், டெஸ்ட்தானே, பண்ணிக்கலாம்" என்றான். நல்ல பிள்ளைகள்.

எல்லாரும் கலைந்து அரை மணி கழித்து ஒரு பெண் மட்டும் மறுபடி மாடிக்கு வந்தாள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். முதல் வரிசை, ஏசிக்கு நேர் கீழே, என் மேஜையை ஒட்டிய இடம் அவளுடையது. என் மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் முதலில் சிரிப்பவள் அவள்தான். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. தையில் கல்யாணம்.

"சார், என் பேரை மட்டும் குடுக்காதேங்கோ. கவர்ன்மென்ட் லிஸ்ட்ல பேர் வந்து, ஆத்துக்கு ஆள் வந்து, அவா காதுல விழுந்தா அவ்வளவுதான். அப்பா என்னைக் கொன்னே போட்டுடுவார்."

"டெஸ்ட் பண்ணிக்கணுமேம்மா."

"நானே தனியா லேப்ல பண்ணிக்கறேன் சார். ப்ராமிஸ். பசங்ககிட்டயும் சொல்லிட்டேன், யாரும் சொல்ல மாட்டா. க்ரூப்லேந்துகூட என்னை ரிமூவ் பண்ணிட்டா, பாருங்கோ." கைபேசியைக் காட்டிச் சிரித்தாள். கல்யாணப் பெண்ணைக் காப்பாற்றுவதற்கு வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அப்படி ஓர் ஒற்றுமையை என் வகுப்பில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பாவப்பட்டுத்தான் சரி என்றேன். இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அவள் அப்பாவை நினைத்துப் பயந்தேன். வீதியில் குரல் உள்ள மனிதர். 'என் பொண்ணுக்கு வியாதியைக் கொடுத்துட்டான்' என்று அவர் ஒரு தடவை வாசலில் நின்று சத்தம் போட்டால் என் பதினெட்டு வருஷம் அன்றைக்கே மூடிவிடும்.

அடுத்த நாள் காசநோய்ப் பிரிவுக்காரர் வந்தார். மாடி அறைக்குப் போய் முதலில் தெர்மாகோலைப் பிய்த்துப் போட்டார். அது கிழியும்போது வந்த கிறீச்சென்ற சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுப் படித்தார்.

"இருபத்திரண்டு. அப்பறம் யாரு?"

"அவ்வளவுதான். ரெண்டு பல்லி இருக்கு, அதுக்கும் சளி எடுக்கணும்னா பிடிச்சுத் தரேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க நல்லா சிரிக்க வைப்பீங்களாமே? கீழ வாசல்ல நின்ன பசங்க சொன்னாங்க. மூணு மணி நேரமும் சிரிச்சுக்கிட்டே இருப்போம்னு."

"ஏதோ, பெருமாள் கொடுத்த வரம்."

"பேசுறப்ப, பாடுறப்ப, சிரிக்கிறப்ப கிருமி நெறையா வெளிய வரும் சார். எதிர்ல இருக்கிறவங்களும் சிரிச்சா மூச்ச நல்லா ஆழமா இழுப்பாங்க."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஜோக் அடிக்கும் முன்னால், எதிரே இருக்கிறவர்கள் வாயை மூடியிருக்கிறார்களா என்று என் கண் தானாகப் பார்க்கிறது.

அறையைச் சுற்றி நடந்தார். உதட்டை அசைத்து எண்ணினார்.

"இருபத்தி மூணு நாற்காலி இருக்குங்களே."

"முன்னாடி இருக்கறது உடைஞ்ச நாற்காலி. யாரும் உக்கார மாட்டா."

அவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப் பார்த்தார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏசியை அண்ணாந்து பார்த்தார், என் மேஜையைப் பார்த்தார், நடுவில் இருந்த மூன்றடி தூரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரில் ஏகாதசி என்றைக்கு என்று மும்முரமாகத் தேடினேன்.

"சரிங்க சார்" என்று எழுந்தார்.

இருபத்திரண்டு பேரையும் அவர் சும்மா விடவில்லை. ஒவ்வொருவராகத் தேடிப் போய் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுக்க வைத்தார். இரண்டு பேருக்கு நோயே வந்திருந்தது. ஆறு மாத மருந்து. ஏழு பேருக்குக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள் வீதம் பன்னிரண்டு வாரம் மாத்திரை. என் மனைவிக்கும் கொடுத்தார்கள். "உங்க கையைப் பிடிச்சதுக்கு இதுதான் மிச்சம்" என்று அவள் விழுங்கினாள். ஒரு பையன் மாத்திரைக்குப் பயந்து அத்தை வீட்டுக்கு ஓடி உப்பிலியபுரத்தில் ஒளிந்துகொண்டான். அவர் மொபெட்டிலேயே அவ்வளவு தூரம் போய், வயலில் இறங்கி, அவனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். சேறு காயாத செருப்போடு என் வாசலில் வந்து நின்று, "ஆளு கெடச்சுட்டாருங்க" என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. 'எக்ஸ்ரே நார்மல் சார்.' பக்கத்தில் கட்டைவிரல் படம். நான் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

என் பயத்தின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் காலையில் கழிப்பறையிலிருந்து நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாமி ஓடி வந்தாள். சிறுநீர் ரத்தமாகப் போகிறது என்று அவருக்குப் போன் செய்தேன்.

"செவப்பா, ஆரஞ்சா?"

"ஒரு மாதிரி... சாந்து கலர்."

"ஆரஞ்சுதான். மாத்திரையோட கலரு. நேத்தே சொன்னேன்ல?"

"சொன்னேளா?"

"நீங்க பல்லி ஜோக் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அன்றைக்கு மட்டும் போனில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் கேட்ட ஒரே தடவை.

ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவேரிப் பாலம் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் படபடவென்று ஷட்டரை இறக்கினார்கள். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது யாரென்று.

"யோவ், ஷட்டர எறக்குய்யா, தெறிக்குது" என்றாள் பின்சீட்டில் இருந்த பூக்காரப் பெண்.

"இந்தப் பக்கம் நான் நனைஞ்சுக்கிறேன்மா. உங்களுக்கு வராது."

"உனக்கென்ன கிறுக்கா?"

"அவரு தெனமும் இப்படித்தான்கா" என்றார் கண்டக்டர். "ஜன்னல் ஆபீசர்னு நாங்க பேரே வெச்சுட்டோம். மூடுனா மூச்சு முட்டுமாம்."

பஸ் சிரித்தது. அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். இடது பக்கம் முழுக்க நனைந்து, சட்டை தோளில் ஒட்டியிருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். உடனே அவர் தலை திரும்பியது. திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். 'இவரை எப்படி சார் தெரியும்?' என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது? நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைப்பதற்கு முன்பே, என்னைத் தெரியாதவர் மாதிரி அவர் பார்வையைக் கடத்திவிட்டார். அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கி, நனைந்துகொண்டே போனார்.

இரண்டாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது காந்தி மார்க்கெட் வரை அவரோடு நடந்தேன். வெங்காய மண்டி வாசலில் மூட்டை தூக்குகிற ஒரு இளைஞன் சாக்குமேல் உட்கார்ந்திருந்தான். அவனும் எங்கள் ஜாதிதான், மாத்திரை ஜாதி. அவர் அவனருகில் குந்தி உட்கார்ந்தார்.

"ரூம்ல யாரு யாரு?"

அவன் ஆறு பெயர் சொன்னான்.

"அப்பறம் யாரு?"

"அவ்ளோதாண்ணே."

"சமைச்சுப் போடுறது யாரு?"

அவன் கால் கட்டைவிரலால் வெங்காயச் சருகைத் தள்ளினான். ரொம்ப நேரம் தள்ளினான்.

"ஒரு அக்கா வரும்ணே."

"பேரு வேணாம். எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு. நான் வேற எதோ கேக்குற மாதிரி போறேன்."

சொன்னான். டீக்கடைக்கு வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: "மொதல்ல படபடன்னு சொல்றாங்க பாருங்க, அந்தப் பேரெல்லாம் எப்படியும் எனக்குக் கெடச்சுடும் சார். கடைசியா நிறுத்தி, தரையைப் பாத்துக்கிட்டு, சொல்லலாமா வேணாமான்னு நிப்பாங்க. அந்த ஒரு பேருக்குத்தான் நான் அலையுறேன். யாரும் கெட்ட எண்ணத்துல மறைக்கிறதில்ல. ரொம்ப வேண்டியவங்களைத்தான் மறைக்கிறாங்க."

"ஒரு சந்தேகம்" என்றேன். "எக்ஸ்ரே சுத்தமா இருந்தா பிரச்னை இல்லையே?"

"முழிச்சுக்கிட்டு இருக்கிற கிருமிதான் எக்ஸ்ரேல தெரியும். தூங்குறது தெரியாது. உடம்பு எப்ப தளருதோ அப்ப அது எந்திரிக்கும். அதுக்குத்தான் முன்கூட்டியே மாத்திரை." டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சார்?"

வாய்வரை வந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்திரிகை என் வீட்டு மேஜையில் மஞ்சள் தடவிக் கிடந்தது.

"சும்மா. பொது அறிவு" என்றேன்.

அவர் டீக்கடைக்காரரிடம் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு நடந்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். அட்சதை போட்டேன். "சார் வந்ததுதான் எனக்கு சந்தோஷம்" என்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கல்யாண அலைச்சல் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிறகு அவள் சென்னைக்குப் போய்விட்டாள்.

மாதாமாதம் அவர் வந்தார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், எடை கேட்பார், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். கிளம்பும்போது வாசல்படியில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே, மேலே பார்க்காமல் கேட்பார். "அப்பறம் யாரு சார்?" ஒவ்வொரு மாதமும் ஒரு புது ஜோக் தயாராக வைத்திருந்தேன். ஒரு மாதம் 'உற்சவர் இருக்கார், மூலவர் இருக்கார்' என்றேன். அடுத்த மாதம் 'எதிராத்து மாமியோட நாக்கு மட்டும் இங்கே வந்துட்டுப் போகும்' என்றேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த ஜோக்குகளில் ஒன்றுகூடச் சிரிப்பு வரக்கூடியதாக இல்லை. பயந்து போனவனின் திக்குவாய் அது.

வைகாசியில் என் ஆறு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. அவர் அட்டையில் எழுதி, "முடிஞ்சுதுங்க சார். நல்லா இருங்க" என்று கைகூப்பினார். படியிறங்கினார். செருப்பை மாட்டினார். மொபெட்டை உதைத்தார்.

கேட்கவில்லை.

ஆறு மாதமாக அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தவன், அது வராமல் போனபோது தாங்க முடியாமல் வீதிக்கு ஓடினேன். வேட்டி தடுக்கியது. எதிர்வீட்டு மாமி பார்த்துக்கொண்டிருந்தாள். மொபெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொன்னேன். அந்த நாற்காலி உடையவே இல்லை என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அதை நான் எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். வண்டியை அணைத்தார்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"மெட்ராஸ். தாம்பரம் பக்கம்."

"அவங்க அப்பாவுக்குப் போன் போடுங்க. எப்படி இருக்காங்கன்னு மட்டும் கேளுங்க."

போட்டேன். போன் ஸ்பீக்கரில் அவள் அப்பாவின் பெரிய குரல் சந்தோஷமாக வந்தது. "வாங்கோ சார், நல்ல சமாசாரம். கொழந்தை உண்டாயிருக்கா, மூணாம் மாசம். மசக்கை படுத்தறது போங்கோ. ஓயாம வாந்தி, தலைவலி. ரெண்டு வாரமா சித்த ஜுரம் வேற. ஒண்ணுமில்லே, எல்லாம் இதோட சேர்ந்ததுன்னு டாக்டர் சொல்றார்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே என் கையிலிருந்து போனை வாங்கி, தான் யாரென்று சொல்லி, நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். வாந்தியும் தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் மூளைவரை போயிருக்கலாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், காசநோய் இருந்தவரோடு மூடிய அறையில் இருந்தவள் என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவர் தனக்குத் தெரிந்த சென்னை அலுவலக நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். சென்னை அவர் எல்லையில்லை. அன்று மத்தியானமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். பதினோராம் நாள் அவள் இறந்துபோனாள்.